வண்டி யார் பேரில்? நெல்லைச் சீமைப் பயணக் குறிப்புகள்

வியாழன், தாழையூத்து

நெல்லை சந்திப்பில் இருந்து மதுரை ரோட்டில் வடக்கே கொஞ்ச தூரம்தான் தாழையூத்து. சென்னையில் இருந்து ரயிலில் வருகிறவர்கள் இந்த ஸ்டேஷனைப் பார்த்ததும் எழுந்து பையை இறக்க ஆரம்பிப்பார்கள். நானும் பல வருஷம் அப்படிக் கடந்து போனவன்தான். இன்று இங்கேயே இறங்கிவிட்டேன்.

சங்கர்நகர் சிமென்ட் ஆலை 1949 இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆலை இந்த இடத்துக்கு வந்ததற்கு ஒரே காரணம் மண்ணுக்கடியில் கிடந்த சுண்ணாம்புக்கல். அதற்கு முன்பும் இந்தப் பக்கத்தில் கல்லைத் தோண்டி, காளவாசலில் சுட்டு, நீற்றிச் சுண்ணாம்பு ஆக்கி விற்றவர்கள் உண்டு. தோண்டி முடித்த பழைய குழிகளில் இப்போது தண்ணீர் நிற்கிறது. பச்சையும் நீலமும் கலந்த நிறம். பார்க்க அழகுதான், ஆனால் கரையே இல்லாமல் செங்குத்தாக இறங்குகிற ஆழம். ஆடு மேய்க்கிறவர்கள் அந்தப் பக்கம் ஆட்டை விடுவதில்லை.

இந்தப் பயணம் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லும் மணலும் தோண்டிப் பிழைத்த ஊர்கள் நெல்லைச் சீமையில் நிறைய. தோண்டுவது நின்றுபோன ஊர்களும் உண்டு. இலங்கைத் தமிழர் முகாம்கள் பலவும் இந்த ஊர்களை ஒட்டியேதான் இருக்கின்றன. தாழையூத்தை அடுத்து நாரணம்மாள்புரம், இன்னும் வடக்கே கங்கைகொண்டான், ஆற்றங்கரையில் கோபாலசமுத்திரம், தெற்கே தேரிக்காட்டு, அதாவது செம்மணல் காட்டுப் பக்கம் சமூகரெங்கபுரம். உள்ளூர்க்காரனுக்கே வேலை இல்லாத இடத்தில், கடல் தாண்டி வந்தவர்களுக்கு எப்படி இடம் கிடைத்தது? “நம்ம ரத்தம், நம்ம மொழி” என்று மேடையில் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதைத் தாண்டி என்ன நடந்தது என்று பார்க்கத்தான் வந்தேன்.

முகாம்களுக்குள் வெளியாட்கள் போக அனுமதி வாங்க வேண்டும். நான் அதற்கு முயற்சி செய்யவில்லை. டீக்கடை, பஸ் ஸ்டாப், வேலை நடக்கும் இடம், இவை போதும் என்று முடிவு.

நாரணம்மாள்புரம் போகும் வழியில் ஒரு கடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. சுண்ணாம்புக்கல் குவாரியில் வெடி வைக்கிற வேலை பார்த்தவர். ஒரு காது அவ்வளவாகக் கேட்காது, அதனால் சத்தமாகவே பேசுகிறார்.

“தொண்ணூறுல கூட்டமா வந்தாவ. மேலுக்கு மாத்து உடுப்பு இல்ல. இந்த ஊரே சோறு பொங்கிக் குடுத்துச்சு தம்பி. எங்க வீட்டுல இருந்து அரிசி, பாய், போர்வை எல்லாம் போச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, அடுத்த வருசம் மே மாசம். ராஜீவ் காந்திய கொன்னுட்டானுவல்லா. அதுக்குப் பெறவு எவனும் பேச்சு வச்சுக்கிடல. போலீஸ்காரன் வந்து, ஒங்க வீட்டுக்கு யாரு வந்தா, எதுக்கு வந்தான்னு கேட்டா என்னத்தச் சொல்ல? சோறு போட்டவனே கதவ சாத்திட்டான். நானுந்தான்.”

கடைசி வார்த்தையை அவர் கொஞ்சம் மெதுவாகச் சொன்னார்.

இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களைத் தமிழ்நாடு கையைப் பிடித்துத்தான் அழைத்தது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோதும் அப்படித்தான். 1991 மே 21 க்குப் பிறகு எல்லாம் தலைகீழ். உளவு போலீஸான கியூ பிரிவின் கண்காணிப்பு, குறித்த நாளில் முகாமில் ஆஜர் ஆகாவிட்டால் பணக்கொடை (அரசு மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகை) நிறுத்தம், பள்ளி கல்லூரிச் சேர்க்கையில் இடைஞ்சல், தொண்டு நிறுவனங்களுக்கு முகாமில் தடை. வரவேற்கத் தெரிந்த ஊர் அதை ஒரே வாரத்தில் மறந்தது. திரும்பக் கற்றுக்கொள்ள எவ்வளவு காலம் பிடித்தது என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யமான பகுதி.

பெரியவரிடம் கேட்டேன், இப்போது எப்படி என்று.

“இப்ப என்னத்த? எம்பேத்தி கல்யாணத்துக்கு அவங்கதான் பந்தி விளம்புனாங்க.”

கங்கைகொண்டானுக்கும் ஒரு நடை போய் வந்தேன். சிப்காட் தொழிற்பேட்டை, டயர் ஆலை, கொஞ்சம் தள்ளிப் புள்ளிமான் சரணாலயம், இதற்கு நடுவே முகாம். ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்ற பையன்களில் யார் ஊர், யார் முகாம் என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. இருட்டிவிட்டது, திரும்பிவிட்டேன்.

வெள்ளி, கோபாலசமுத்திரம்

மழை. பாதி நாள் லாட்ஜிலேயே போனது. மதியத்துக்கு மேல் முன்னீர்பள்ளம் வழியாகக் கோபாலசமுத்திரம்.

அந்தப் பக்கத்தில்தான் அடைமிதிப்பான்குளம். 2022 மே 14 இரவு அங்கே ஒரு கல்குவாரியில் பாறை சரிந்து ஆறு பேர் மாட்டிக்கொண்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். கடைசி உடலை எடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகு மாவட்டத்துக் குவாரிகளை ஆய்வுக்காக நிறுத்தி வைத்தார்கள். கல்லை உடைத்து ஆக்கும் எம்-சாண்ட் மணலின் விலை எகிறியது, கட்டட வேலை படுத்தது, கொத்தனார், சித்தாள், பெயின்டர் என்று வரிசையாக எல்லார் அடுப்பிலும் அது தெரிந்தது. குவாரி நின்றால் குவாரிக்காரனுக்கு மட்டும் அடி இல்லை என்பதை இந்த ஊர்க்காரர்கள் அப்போது பார்த்தார்கள். இப்போது குவாரிகளில் வடநாட்டுப் பையன்கள்தான் அதிகம் என்று ஆட்டோக்காரர் சொன்னார். அவர் அவர்களைக் குறிப்பிட்ட சொல்லை இங்கே எழுத விருப்பம் இல்லை. “முகாம் ஆளுங்க பரவால்ல சார், நம்ம ஆளுங்க” என்றும் சேர்த்துக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு முன்னால் முகாம்காரர்களைப் பற்றியும் யாரோ ஒரு ஆட்டோக்காரர் இதே தொனியில் பேசியிருப்பார்.

தாமிரபரணியில் தண்ணீர் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. குளிக்கவில்லை.

சனி, சமூகரெங்கபுரம்

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

வள்ளியூரில் இறங்கி அங்கிருந்து இன்னொரு பஸ். மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியே வரும் காற்று இந்தப் பக்கம் முழுக்க அடிக்கும், அதனால் எங்கே பார்த்தாலும் காற்றாலை. நிலத்தைக் காற்றாலைக்கு விற்ற காசில் கட்டிய மாடி வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு. அவற்றில் பாதி பூட்டிக் கிடக்கின்றன. சென்னையில் பலசரக்குக் கடை, மும்பையில் தாராவி, இல்லாவிட்டால் வளைகுடா. சமூகரெங்கபுரத்தை இந்தப் பக்கத்துக்காரர்கள் சுருக்கமாகச் ‘சமுகை’ என்கிறார்கள்.

தெரிந்த ஒருவர் மூலமாக, கல்யாண வீடு ஒன்றில் பெயின்ட் வேலை நடப்பதைச் சொல்லியிருந்தார்கள். நேரே அங்கே போனேன். மூன்று பேர் சாரத்தில் நின்று பட்டி பார்த்த சுவரை எமரி பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே நின்று வேலை வாங்கியவர் முகாம்காரர். மேஸ்திரி. ஐம்பது வயது இருக்கும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் மன்னாரில் இருந்து தாயோடு படகில் வந்து, ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் முகாமில் இருந்து இங்கே அனுப்பப்பட்டவர்.

சாரத்தில் நின்ற மூவரில் ஒருவர் திசையன்விளைப் பக்கத்து உள்ளூர்க்காரர். மணல் கம்பெனியில் வேலை பார்த்தவர்.

வெளியூர் வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நெல்லை, தூத்துக்குடி, குமரி கடற்கரை மணலில் கார்னெட், இல்மனைட், ஜிர்கான், ரூட்டைல், மோனசைட் என்ற தாதுக்கள் கலந்து கிடக்கின்றன. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அது அணுசக்தித் துறை கணக்கில் வருகிறது. குமரிக் கடற்கரையின் மணவாளக்குறிச்சியில் 1909 இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இதைக் கண்டுபிடித்தார். தனியார் கம்பெனிகள் பெரிதாக இறங்கிய பிறகு திசையன்விளை, உவரி, கூட்டப்புளி வட்டாரமே மணலை நம்பி நடந்தது. அள்ள, கழுவ, காய வைக்க, பிரிக்க, மூட்டை கட்ட, லாரி ஓட்ட என்று வேலை. அதே நேரம், கடற்கரை அரிக்கிறது, கடல் நிறம் மாறுகிறது, மீன் பிடிபடவில்லை என்று மீனவர்கள் போராடினார்கள். 2013 ஆகஸ்டில் தூத்துக்குடி மாவட்டத்திலும் செப்டம்பரில் நெல்லை, குமரியிலும் அரசு தாது மணல் அள்ளத் தடை போட்டது. ஐ.ஏ.எஸ். அதிகாரி ககன்தீப் சிங் பேடி தலைமையில் ஆய்வுக் குழு வந்தது. வழக்கு வருஷக்கணக்காக இழுத்து, 2025 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது.

தடை சரியா என்று கேட்டால், சரிதான் என்பேன். கடற்கரையைத் தோண்டி ஏற்றுமதி செய்துவிட்டு அப்புறம் கடலைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தடை போட்ட மறுநாள் காலையில் டிபன் பாக்ஸோடு கேட்டில் நின்றவனுக்கு என்ன வழி என்று யாரும் யோசிக்கவில்லை. அதுவும் உண்மைதான்.

அந்த உள்ளூர்க்காரர் சாரத்தில் இருந்து இறங்கி வந்து பேசினார். முதலில் கம்பெனியைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்றார். பீடி ஒன்று முடிந்ததும் தானாகவே ஆரம்பித்தார்.

“எங்களுக்கு ரெண்டு பக்கமும் அடி சார். வேலையும் போச்சு. கடக்கர ஊர்ல போயி நின்னா, மணல் கம்பெனிக்காரன் வாரான் பாருன்னு மொகத்த திருப்பிக்கிட்டுப் போவாவ. நானா அள்ளி வித்தேன்? நான் மூட தூக்குனவன். கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனா, கம்பெனிதான் நின்னு போச்சே, பையன் என்ன செய்வான்னு கேக்காவ. ஒரு வருசம் சும்மா கெடந்தேன். அப்பத்தான் இவர் கூப்பிட்டாரு.”

மேஸ்திரி சிரித்தார். “நான் கூப்பிடேல்ல. இவன்தான் ரீக்கடையில வந்து, அண்ணே, ஆள் தேவையோ எண்டு கேட்டவன். பிரஷ் பிடிக்கத் தெரியுமோ எண்டன். தெரியாது எண்டான். பொய் சொல்லேல்ல, அதால சேர்த்தனான்.”

தமிழ்நாடு முழுக்க முகாம்காரர்கள் பெயின்ட் வேலைக்குப் போவது தெரிந்த விஷயம். காரணம் சாதாரணமானது. நிலம் வாங்க முடியாது, அரசு வேலை கிடையாது, கடனுக்கு ஜாமீன் நிற்க ஆள் இல்லை, முகாமில் ஆஜர் இருக்கிற நாளில் திரும்பி வந்தாக வேண்டும். முதலீடு இல்லாமல், கற்றுக்கொண்டு, தினக்கூலி வாங்கி, நாலு நாளில் வேறு இடம் மாறுகிற வேலை எது? பெயின்ட். முதலில் வந்தவர்கள் கற்றார்கள், அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கேரளா வரைக்கும் கோஷ்டியாகப் போகிறார்கள். சமுகையில் நடந்ததில் எனக்குப் புதிதாக இருந்தது ஒன்றுதான். வேலை இழந்த உள்ளூர்க்காரனுக்கு முகாம்காரர் வேலை கொடுத்திருக்கிறார். யார் யாரை வரவேற்றார்கள் என்று எழுதுவது?

இன்னொன்று, பேச்சுவாக்கில் நான் சொல்ல, அந்த உள்ளூர்க்காரர் நம்பவே இல்லை. இல்மனைட்டில் இருந்து எடுக்கிற டைட்டானியம் டை ஆக்சைடுதான் பெயின்ட்டின் வெள்ளை. கார்னெட்டை உப்புத்தாளிலும் ஒட்டுவார்கள். “அப்ப நான் அள்ளுன மணலத்தான் இப்பப் பூசிக்கிட்டு இருக்கனா?” என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். “அந்தக் காசும் கம்பெனிக்காரனுக்குத்தான்” என்று சொல்லிவிட்டுச் சாரத்தில் ஏறிவிட்டார்.

மதியச் சாப்பாடு. மேஸ்திரி வீட்டில் இருந்து வந்த தூக்குவாளியில் பிட்டும் சொதியும். கல்யாண வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, “இது என்ன, சொதில பருப்பையே காணோம்?” என்றார். நெல்லைச் சொதி வேறு மாதிரி. மூன்று பால் எடுத்து, பாசிப்பருப்பு வேக வைத்து, முருங்கைக்காய், பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டு, கூடவே இஞ்சிப் பச்சடி. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை விருந்தில் சொதி இல்லாவிட்டால் சைவப் பிள்ளைமார் வீடுகளில் அது விருந்தே இல்லை. இலங்கையில் இருந்து வந்த சாப்பாடு என்றுதான் நெல்லையிலும் சொல்வார்கள். முகாம் சொதியோ மஞ்சள், பச்சை மிளகாய், வெங்காயம், தேங்காய்ப்பால், அவ்வளவுதான், தண்ணியாக. எனக்கு இரண்டுமே பிடிக்கும், ஆனால் வேலை செய்த களைப்புக்கு முகாம் சொதி மேல்.

“கலியாணத்துக்கு மறுநாள் உங்கட சொதி எங்களுக்கும் உண்டோ?” என்று மேஸ்திரி கேட்டார்.

“உங்களுக்கு இல்லாமலா? இலை போட்டுத்தான் சாப்பாடு. பிள்ளைகளயும் கூட்டிட்டு வந்திருங்க” என்றார் அந்த அம்மா.

சாயங்காலம் கிளம்பும்போது மேஸ்திரி ஒரு பைக்கை எடுத்தார். புது வண்டி. யார் வண்டி என்று சும்மாதான் கேட்டேன். அவர் அந்தத் திசையன்விளைச் சாரத்துக்காரரைக் கையைக் காட்டினார்.

“காசு என்ர. பேர் இவன்ர.”

குடியுரிமை இல்லாதவர் பேரில் வண்டி பதிவு செய்வது பெரும் பாடு. லைசென்ஸும் அப்படியே. அதனால் முகாம்காரர்கள் உள்ளூர் நண்பர் பேரில் வாங்குகிறார்கள். ஆர்.சி. புக்கில் நண்பர் பேர். தவணை முகாம்காரர் கட்டுவார். விபத்து நடந்தால் போலீஸ் தேடி வருவது நண்பர் வீட்டுக்கு. நண்பர் மனம் மாறினால் வண்டி போச்சு. இரண்டு பக்கமும் நம்பிக்கை மட்டும்தான்.

பஸ்ஸில் வரும்போது இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். சோறு போடுவது ஒரு நாள் வேலை, மனசு இளகினால் யாரும் செய்வார்கள். உனக்காக என் பேரில் நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்ல நாள் ஆகும். 1990 இல் அரிசி மூட்டை தூக்கிக் கொடுத்த தாழையூத்துப் பெரியவர் 1991 இல் பயந்தது கையெழுத்துக்குத்தான். இன்று ஒரு பெயின்டர் அந்தப் பயம் இல்லாமல் போட்டிருக்கிறார். மணல் கம்பெனி பேரைச் சொல்லித் தன்னை ஒதுக்கிய ஒரு வருஷம் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அதனாலோ என்னவோ. நான் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

ஞாயிறு, ஆயன்குளம் – உவரி

காலையில் திசையன்விளை. கருப்பட்டிக் காபி. முருங்கைக்காய் மார்க்கெட் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு ஆயன்குளம் படுகைக்கு ஆட்டோ.

அதிசயக் கிணறு என்று 2021 நவம்பர் மழைக்குப் பிறகு பேர் வாங்கிய கிணறு. வெள்ளத் தண்ணீர் நாள்கணக்கில் உள்ளே பாய்ந்தும் நிரம்பவே இல்லை. சென்னை ஐ.ஐ.டி. ஆட்கள் வந்து ஆராய்ந்தார்கள். அடியில் சுண்ணாம்புப் பாறை, மழைத்தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்துக் குகை போல வழி உண்டாக்கி இருக்கிறது, தண்ணீர் அதற்குள் ஓடிப் பக்கத்து ஊர்க் கிணறுகளுக்குப் போகிறது என்றார்கள். தாழையூத்தில் பார்த்த சுண்ணாம்புக்கல் இங்கே யாரும் தோண்டாமலேயே குழியாகி இருக்கிறது. இப்போது சுற்றி வேலி, பலகை. தண்ணீர் இல்லாத நாளில் பார்க்க ஒன்றும் இல்லை. சாதாரணக் கிணறு.

மத்தியானம் உவரி. அந்தோணியார் கோயிலில் கூட்டம். கப்பல் வடிவத்தில் கட்டிய மாதா கோயிலைப் புதிதாக வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளிச் சுயம்புலிங்க சுவாமி கோயில். மண் சுமந்து கடற்கரையில் கொட்டும் நேர்த்திக்கடன் அங்கே உண்டு. மண்ணை அள்ளியவர்களும் கொட்டியவர்களும் ஒரே கடற்கரையில்.

வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேரிடம் மணலைப் பற்றி ஆரம்பித்ததும் குரல் உயர்ந்தது. கடல் எவ்வளவு உள்ளே வந்தது என்று கையால் காட்டினார்கள். மணல் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் மேல் இன்னும் கோபமா என்று கேட்டேன். ஒருவர் பதில் சொல்லவில்லை. மற்றவர் மட்டும், “அவனும் வயித்துக்குத்தான போனான்” என்றார். பத்து வருஷத்துக்கு முன் இதைச் சொல்லியிருப்பாரா தெரியாது.

முகாம் மக்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது கோபமே இல்லை. கடல்காரர்களுக்கு மன்னாரும் நீர்கொழும்பும் வெளிநாடு இல்லை. தாத்தா காலத்தில் தோணியில் போய் வந்த ஊர். சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். 2022 இல் அங்கே பொருளாதாரம் விழுந்து, பால் மாவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று முடியாமல், மார்ச் மாதத்தில் இருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனையில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள் அல்லவா, அதைப் பற்றி வலைக்காரர் சொன்னது: “நடுக்கடல்ல மணல் திட்டுல எறக்கிவிட்டுப் போயிட்டானாம். கைப்பிள்ளயோட. நம்ம ஆளா இருந்தா என்ன, எந்த ஆளா இருந்தா என்ன, திட்டுல நிக்கவிடலாமா?”

உள்நாட்டு ஊர்கள் வருஷக்கணக்கில் கற்றுக்கொண்டதைக் கடற்கரை ஊர்கள் கற்கவே தேவைப்படவில்லை போல. ஆனால் மணல் கம்பெனியில் வேலை பார்த்த பக்கத்து ஊர்க்காரனை மன்னிக்க அவர்களுக்கும் நாள் பிடித்திருக்கிறது.

திங்கள், மறுபடி சமுகை

இன்று திரும்பிப் போக வேண்டியது. மேஸ்திரி போன் செய்து, “தம்பி, எழுதுறியள் எண்டா இதையும் வந்து பாருங்கோ” என்றார். போனேன்.

அவர் மகனுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். பி.காம். படித்தவன், கங்கைகொண்டான் பக்கம் ஒரு கிடங்கில் கணக்கு வேலை. முகாம் வீட்டில் ஒரு அறை, ஒரு அடுக்களை. அதில் பெற்றோர், தங்கை, புது மருமகள் எல்லாரும். 2021 ஆகஸ்டில் அரசு அறிவித்த 317 கோடியே 40 லட்ச ரூபாய்த் திட்டத்தில் முகாம்களுக்கு 7,469 புது வீடுகள் உண்டு. பல இடங்களில் கட்டியும் கொடுத்திருக்கிறார்கள். ‘அகதிகள் முகாம்’ என்ற பலகையை மாற்றி ‘மறுவாழ்வு முகாம்’ என்று எழுதியதும் அப்போதுதான். பணக்கொடையும் கூடியது, குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய். இருந்தாலும் குடும்பம் பெருகும் வேகத்துக்கு வீடு பெருகாது. மாநிலம் முழுக்க முகாம்களில் மட்டும் 58 ஆயிரம் பேர் அளவில் இருக்கிறார்கள். இவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள், இலங்கையைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள்.

இங்கேயே பிறந்தால் போதாதா என்று கேட்காதீர்கள். 1987 ஜூலை 1 க்கு முன் இந்தியாவில் பிறந்தவருக்குப் பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றம் வரை போன ஒரு பெண், திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருந்து 2024 தேர்தலில் வாக்களித்தார். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு அப்பா அம்மா யார் என்று பார்ப்பார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசத்தோடு நின்றுவிட்டது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்குப் புதிய வெளிநாட்டவர் சட்டத்தின் தண்டனைப் பிரிவுகளில் இருந்து விலக்குக் கொடுத்தது. அதாவது, ஜெயிலில் போட மாட்டோம். குடிமகன் ஆக்குவோம் என்று அர்த்தம் இல்லை. மகனிடம் இதைச் சொன்னபோது, “தெரியும் அண்ணாச்சி, பேப்பர்ல பாத்தோம். அப்பா ஸ்வீட் வாங்கிட்டாரு, பெறவு நான்தான் வெவரத்தச் சொன்னேன்” என்றான். அப்பாவின் பேச்சு மன்னார், மகனின் பேச்சு சுத்தமான திசையன்விளை.

சரி, இன்றைய விஷயம். ஊருக்குள் ஒரு வீடு பூட்டிக் கிடக்கிறது. சொந்தக்காரர் குடும்பம் சென்னையில் கடை வைத்திருக்கிறது. சாவி அவருடைய பெரியப்பாவிடம். மகனுக்கும் மருமகளுக்கும் அதை வாடகைக்குக் கேட்கத்தான் மேஸ்திரி போகிறார். கூடவே மணல் கம்பெனியில் வேலை பார்த்த அந்தச் சாரத்துக்காரர், ஜாமீன் சொல்ல.

பெரியப்பா அண்ணாச்சி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் மோர் வந்தது. மேஸ்திரி உட்காரத் தயங்கினார், அண்ணாச்சி கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஊர் விஷயம், மழை, முருங்கைக்காய் விலை எல்லாம் பேசியாயிற்று. அப்புறம் வீட்டுப் பேச்சு.

“குடுக்கதுல ஒண்ணும் இல்ல. எங்க கொழுந்தியா வீட்டுக்கு வெள்ளையடிச்சதே நீருதான. ஆனா சென்னைல இருக்க பையன் கேக்கான், நாளைக்கு ஏதாவது விசாரண அது இதுன்னு வந்தா?”

“என் பேர்ல எழுதிக்கிடுங்க அண்ணாச்சி” என்றார் சாரத்துக்காரர். “அக்ரிமென்ட்ல நான் கையெழுத்துப் போடுதேன். இவன் குடியிருக்கட்டும்.”

அண்ணாச்சி உடனே தலையை ஆட்டினார். “அது வேண்டாம். ஒம்பேர்ல ஏற்கனவே ஒரு வண்டி நிக்கி. ஊர்ல இருக்க எல்லாத்தையும் ஒம்பேர்லயே எழுதிக்கிட்டே போனா ஒனக்கு ரேஷன் கார்ட வெட்டிப் போடுவான். குடியிருக்கது யாரோ அவன் பேர்லயே எழுதுவோம்.”

மகன் நிமிர்ந்து பார்த்தான். முகாம்காரர் வெளியே தங்குவதென்றால் தாசில்தார் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் ஏறி இறங்க வேண்டும். அனுமதி கிடைக்கும் என்ற உறுதி இல்லை. முகாம் பதிவில் இருந்து பேர் எடுபட்டால் பணக்கொடையும் போகும். அதை அவனே சொன்னான். அண்ணாச்சிக்கும் அது தெரிந்திருந்தது.

“தெரியும்டே. நீ மனு எழுது. வீட்டுக்காரன் சம்மதக் கடுதாசிக்கு நான் கையெழுத்துப் போட்டுத் தாரேன். வாடக மூவாயிரம், ரெண்டு மாச அட்வான்ஸ். கரண்டு பில் தனி. சுவத்துல ஆணி அடிக்கப்படாது.”

“வெள்ளையடிச்சுத் தந்தா ஒரு மாச அட்வான்ஸ குறைக்கலாமா அண்ணாச்சி?” என்று மகன் கேட்டான்.

மேஸ்திரி மகனை முறைத்தார். அண்ணாச்சி மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எந்தக் கம்பெனி பெயின்ட், எத்தனை கோட்டு என்று கணக்குக் கேட்க ஆரம்பித்தார்.